சால்வேஜ் என்ற சொல்லின் பொருளும் வேரும்

கேள்வி:
கடல்சார் காப்பீட்டு ஆவணம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் சால்வேஜ் என்ற சொல் ஓரிடத்தில் கப்பலை மீட்கும் பணியையும், அடுத்த பத்தியிலேயே அப்பணிக்குரிய தொகையையும், பிறகு சேதத்தில் தப்பிய சரக்கையும் குறிக்கிறது. இவற்றுள் எது மூலப்பொருள்? காட்டுத்தனத்தைக் குறிக்கும் சாவேஜ் என்ற சொல்லோடு இதற்கு உறவுண்டா?

மறுமொழி 1:
தொகைதான் மூலப்பொருள். காப்பாற்று என்று பொருள்படும் சல்வாரே என்ற இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், அழிவிலிருந்தோ எதிரியிடமிருந்தோ கப்பலைக் காத்தவருக்குத் தரும் ஊதியத்தையே குறித்தது. போஸ்டேஜ் என்பது அஞ்சல் கட்டணத்தைக் குறிப்பதைப் போல, இங்கும் ஏஜ் என்னும் விகுதி கட்டணத்தைச் சுட்டுகிறது. மீட்கும் செயல், மீண்ட பொருள் என்ற பொருள்கள் பின்னர் ஏறியவை. வினைச்சொல்லாக இது வழங்கத் தொடங்கியதோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். சாவேஜ், காடு என்று பொருள்படும் சில்வா என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதையும் சால்வேஜ் என்று எழுதியதுண்டு என்றாலும், இரண்டுக்கும் வேர் வேறு.

மறுமொழி 2:
இதைச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். கப்பலோ சரக்கோ ஆபத்தில் இருக்க வேண்டும்; மீட்பவர் ஏற்கெனவே கடமைப்பட்டவராக இல்லாமல், தாமாக முன்வந்திருக்க வேண்டும்; முயற்சி பலித்திருக்க வேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் ஊதியம். அதனால்தான் அக்கப்பலின் மாலுமிகள் பொதுவாக இதைக் கோர முடியாது. லாயிட்ஸ் ஓப்பன் ஃபார்ம் என்ற புகழ்பெற்ற ஒப்பந்தப் படிவமும் 'பலன் இல்லையேல் பணம் இல்லை' என்ற நெறியில் அமைந்ததே. தொகையை முன்கூட்டிப் பேசி நேரத்தை வீணாக்காமல், பணி முடிந்தபின் நடுவர் தீர்மானிக்க அது வழிவிடுகிறது. 1989ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைப்படி ஊதியம் மீண்ட சொத்தின் மதிப்பைத் தாண்டலாகாது. ஆயினும், சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய கப்பலில் பணியாற்றியவருக்கு, அக்கப்பலையே காக்க முடியாமற்போனாலும், செலவை ஈடுசெய்யும் சிறப்புத் தொகைக்கு அதே உடன்படிக்கை இடமளிக்கிறது. இது மிகவும் நியாயமான திருத்தம் என்பேன். எண்ணெய் கரையை அடையாமல் தடுப்பதும் மீட்புதான்.

மறுமொழி 3:
ஒரே தமிழ்ச்சொல்லை மூன்று இடங்களிலும் இட வேண்டாம். பணிக்கு மீட்புப்பணி, தொகைக்கு மீட்பூதியம், சரக்குக்கு மீட்ட பொருள் என்று பிரித்தெழுதுங்கள். இழப்பீட்டுக் கணக்கில் சால்வேஜ் என்ற சொல் வந்தால், அது பெரும்பாலும் சேதமுற்ற பொருளில் எஞ்சியிருக்கும் மதிப்பைக் குறிக்கும்; அங்கு எஞ்சிய மதிப்பு என்பதே பொருந்தும்.