நிழல் ஒரு சாண்தான், ஆனால் ஸ்ட்ரிங் கரண்ட் பாதியாகிறது. வயரிங்கை மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். தரையில் நிறுவிய பெரிய சோலார் பிளாண்ட். ஒவ்வொரு டேபிளிலும் (பேனல்களைத் தாங்கும் சட்டம்) பேனல்கள் நெட்டுவாக்கில் இரண்டு அடுக்கு: மேலே 28, கீழே 28. எல்லாமே 144 ஹாஃப்-கட் செல்கள் (பாதியாக வெட்டிய செல்கள்) கொண்ட பேனல்கள். குளிர்காலக் காலையில் முன்வரிசையின் நிழல் பின்வரிசையின் அடிவிளிம்பில் ஒரு சாண் அளவுக்கு விழுகிறது. பரப்பில் இருபதில் ஒரு பங்குதான் மறைகிறது, ஆனால் ஸ்ட்ரிங்கின் (தொடராக இணைத்த பேனல்களின்) கரண்ட் பாதியாக இறங்கிவிடுகிறது. வரிசைகளை இனி நகர்த்த முடியாது. வேறு வழி உண்டா?

பதில் 1:
கேபிள் எப்படி ஓடுகிறது சார்? கீழே போய் மேலே திரும்பி வருகிறதா?

கேட்டவர்:
ஆமாம் சார். ஒரு ஸ்ட்ரிங்குக்கு 28 பேனல். கீழே 14 போய், மேலே 14 வழியாகத் திரும்புகிறது. இரண்டு முனையும் ஒரே பக்கம் வருவதால் கேபிள் மிச்சம்.

பதில் 1:
சிக்கல் அங்கேதான். நிழல் எவ்வளவு பரப்பை மறைக்கிறது என்பதைவிட எந்தச் செல்லில் விழுகிறது என்பதுதான் முக்கியம். தொடராக இணைத்த செல்களில் மிகக் குறைந்த கரண்ட் தரும் செல்தான் மற்றவற்றையும் கட்டிப்போடும். ஹாஃப்-கட் பேனலில் மேல்பாதியும் கீழ்பாதியும் பேரலல். அடிவிளிம்பில் நிழல் விழுந்தால் கீழ்பாதி படுத்துவிடும், பேனல் ஏறக்குறைய பாதிக் கரண்ட் தரும். அந்த 14 பேனல்களும் நல்ல 14 பேனல்களோடு ஒரே தொடரில் இருப்பதால், மொத்த ஸ்ட்ரிங்கும் பாதிக்கு இறங்குகிறது. பைபாஸ் டயோடு (நிழல் விழுந்த செல்களைச் சுற்றிக் கரண்டுக்கு மாற்றுவழி தருவது) வேலை செய்து கீழ்ப் பேனல்களை விலக்கினால் வோல்டேஜ் பாதியாகும். எப்படியும் நஷ்டம் ஒன்றுதான்.

கீழ் அடுக்கின் 28-ஐ ஒரு ஸ்ட்ரிங்காகவும் மேல் அடுக்கின் 28-ஐ இன்னொன்றாகவும் மாற்றுங்கள். மேலே முழு உற்பத்தி, கீழே பாதி. சேர்த்துப் பார்த்தால் அந்த நேரத்தில் 50-க்குப் பதில் சுமார் 75 சதவீதம் கிடைக்கும். ஸ்ட்ரிங் எண்ணிக்கையும் மாறாது.

கேட்டவர்:
நேராக ஓட்டினால் ஒரு முனை கடைசியில் போய் நிற்குமே?

பதில் 2:
ஒன்றுவிட்டு ஒன்றாக இணையுங்கள் சார். போகும்போது 1, 3, 5. திரும்பும்போது 28, 26, 24. இரண்டு முனையும் ஒரே பக்கம் வந்துவிடும். ஆனால் முதலில் பேனலின் லீட் கேபிள் நீளத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஹாஃப்-கட் பேனல்களில் அது குட்டையாக வருவதுண்டு. பக்கத்துப் பேனலைத் தாண்டி எட்டாவிட்டால் நீட்டிப்புக் கேபிள் போட வேண்டும். இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்து, கரண்ட் பூஜ்யம் என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்த பிறகே கனெக்டரைக் கழற்றுங்கள். கரண்ட் ஓடும்போது கழற்றினால் ஆர்க் (மின்பொறி) அடிக்கும்.