இஸ்த்வான் போச்கை: விடுதலைத் தலைவரா, தம் நிலத்தைக் காத்துக்கொண்ட பிரபுவா?

வைகைக்கரை:
ஹாப்ஸ்பர்க் பேரரசை எதிர்த்து 1604-இல் கிளர்ந்தெழுந்த ஹங்கேரியப் பிரபு போச்கையை, ஹங்கேரியின் விடுதலைத் தலைவர் என்று போற்றுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1594-இல் அவருடைய சகோதரி மகனும் திரான்சில்வேனியாவை (இன்றைய ருமேனியாவில் உள்ள பகுதி) ஆண்ட இளவரசருமான சிகிஸ்மண்ட் பாத்தோரி, துருக்கியரோடு இணங்கிப்போக வேண்டும் என்று வாதிட்ட பிரபுக்களைக் கொன்றொழித்தபோது, அருகில் நின்று ஊக்கியவர் இவர். மறு ஆண்டே பிராகாவுக்குச் சென்று ஹங்கேரிக்கும் மன்னராக இருந்த ஹாப்ஸ்பர்க் பேரரசர் ருடால்புடன் உடன்படிக்கை செய்தார். பத்தாண்டுகளில் அதே துருக்கியரின் துணையை நாடினார். 1604 அக்டோபரில் பேரரசுத் தளபதி பெல்ஜியோயோசோ தம் கோட்டைகள்மீது படை அனுப்பிய பிறகே வாளெடுத்தார் என்பதை மறக்கலாகாது.

ஏட்டுப்பிரியை:
வாளெடுத்த நாளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், நண்பரே. அதற்கு முந்தைய மாதங்களையும் பாருங்கள். 1604 சனவரியில் காஷா நகரத்து (இன்றைய ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே) லூத்தரன் எனும் சீர்திருத்தக் கிறித்தவ மக்களிடமிருந்து புனித எலிசபெத் பேராலயத்தை அதே தளபதி படைபலத்தால் பறித்துக் கத்தோலிக்கரிடம் கொடுத்தார். நாட்டு மன்றத்தில் இதுபற்றி முறையிட்டபோது, மன்றம் ஏற்காத 22-ஆவது பிரிவு ஒன்றை ருடால்பு தாமாகவே சட்டத்தில் சேர்த்து, இனி மன்றத்தில் சமயக் குறையை எழுப்பவே கூடாது என்று தடுத்தார். திரான்சில்வேனியாவிலோ பேரரசின் மற்றொரு தளபதி பாஸ்தாவின் படைகள் ஊர்களைச் சூறையாடிப் பஞ்சத்தில் தள்ளியிருந்தன. தன்னிடம் கூலி பெற்ற ஹைதூ எனும் கூலிப்படை வீரர்களே அல்மோஷ்துப் போரில் போச்கையின் பக்கம் சேர்ந்துவிடும் அளவுக்குப் பேரரசு வெறுப்பைச் சம்பாதித்திருந்தது. ஒரு பிரபுவின் சொத்துத் தகராறுக்காக நாடே எழுந்துவிடாது.

வைகைக்கரை:
மக்களின் கோபம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன்மீது ஏறி அமர்ந்தவரின் நோக்கம் பற்றியதுதான் என் கேள்வி. 1606 சூனில் பேரரசர் தரப்போடு கையெழுத்தான வியன்னா உடன்படிக்கை பிரபுக்களுக்கும், அரச நகரங்களுக்கும், எல்லைக் காவல் வீரர்களுக்கும் சமய உரிமை தந்தது. உழுத குடியானவனுக்கு வெளிப்படையாக என்ன தந்தது? போச்கைக்கோ திரான்சில்வேனியாவோடு மூன்று மாவட்டங்களும் தோகாய் கோட்டையும் கிடைத்தன.

ஏட்டுப்பிரியை:
உடன்படிக்கையில் குடியானவர் இடம்பெறாதது குறைதான். ஆயினும் 1605 டிசம்பரில் போச்கை 9,254 ஹைதூக்களுக்கு நிலமும் பிரபுத்தகுதியும் வழங்கியதைத் தாங்கள் குறிப்பிடவேயில்லை. மாடோட்டிகளாகவும் நிலமிழந்தவர்களாகவும் இருந்து கூலிப்படையில் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். பிரபுக்கள் அவர்களைக் கண்டு அஞ்சினார்கள். தன் வர்க்கத்தின் நலனை மட்டும் கருதுபவர் அதே தகுதியை அவர்களுக்கு அள்ளிக் கொடுப்பாரா? அதற்கு முந்தைய மாதம் பெஸ்டுக்கு அருகிலுள்ள ராகோஷ் வெளியில், துருக்கியப் பேரரசின் முதலமைச்சரான பெரிய வசீர் லாலா மெஹ்மத் பொன்னும் மணியும் முத்தும் பதித்த கிரீடத்தை நீட்டியபோது, சட்டப்படி முடிசூடிய மன்னர் உயிரோடிருக்கிறார் என்று கூறி, அதைப் பரிசாக மட்டுமே ஏற்றுக்கொண்டார். பதவிப் பசி உள்ளவர் கைநீட்டும் தருணம் அது.

தொல்லேடு:
இருவரும் அவருடைய இறுதி விருப்ப ஆவணத்தைத் தொடவில்லை. ஹங்கேரியின் மகுடம் தம்மினும் வலிய ஜெர்மானியரிடம் (அதாவது ஹாப்ஸ்பர்க் மன்னர்களிடம்) இருக்கும்வரை, திரான்சில்வேனியாவில் ஒரு ஹங்கேரிய இளவரசர் இருந்தே தீர வேண்டும் என்று 1606 டிசம்பரில், சாவதற்குச் சில நாள்கள் முன்பு எழுதிவைத்தார். ஆண் வாரிசு இல்லாத அவருக்கு அந்த ஏற்பாட்டால் குடும்ப ஆதாயம் ஏதுமில்லை. 1594-இன் இரத்தக்கறையை இது கழுவிவிடாது. ஆனால் நிலத்தைக் காக்கவே வாளெடுத்தவர் என்று முடித்துவிடவும் இது விடாது.

வைகைக்கரை:
அந்த ஆவணத்தின் தொலைநோக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் 1606-இல் எப்படிச் செத்தார் என்பதைவிட 1604-இல் ஏன் எழுந்தார் என்பதே நம் வழக்கு. அதில் என் நிலைப்பாடு மாறவில்லை.