புதுப்பிப்பு: செங்டு வகுப்பில் கிணற்றடிக் குழந்தை

சீனாவின் செங்டு நகரில் என்னிடம் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு இரக்கத்தைப் பற்றிய கதை ஒன்று வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் மென்சியஸ் சொன்ன, கிணற்றில் விழப்போகும் குழந்தையையே எடுத்துக்கொண்டேன். புகழுக்காகவோ பெற்றோரின் தயவுக்காகவோ அல்ல, பார்த்ததுமே மனம் பதறுகிறது என்பது அந்தக் கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீனச் சிந்தனையாளரின் வாதம்.

தெரிந்த கதை என்பதால் கவனம் மொழிக்குப் போனது. சீன வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறாது. அதனால் மாணவர்கள் ஆங்கிலத்தில் சொல்லும்போதும் இறந்தகாலம் நழுவுகிறது. சீனப் பேச்சில் 'அவன்', 'அவள்' இரண்டும் ஒரே ஒலி என்பதால், குழந்தை வாக்கியத்துக்கு வாக்கியம் ஆணாகவும் பெண்ணாகவும் மாறியது!

காப்பாற்றியவரைப் பேட்டி எடுக்கச் சொன்னேன். வாயே திறக்காத மாணவி, "வழக்குக்குப் பயப்படவில்லையா?" என்றார். உதவியவரை அப்படிப்பட்ட வழக்கிலிருந்து பாதுகாக்கும் சட்டவிதி சீனா முழுவதற்கும் 2017இல்தான் வந்தது. அடுத்த வகுப்பில் அதைத்தான் விவாதிக்கப்போகிறோம்.