சுயவிருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையொப்பமிடலாமா?

வணக்கம். கொழும்பில் பன்னாட்டு நுகர்பொருள் நிறுவனமொன்றின் இலங்கைக் கிளையில் 11 வருடங்களாக வேலை செய்கிறேன். சவர்க்காரமும் பற்பசையும் விற்கும் கம்பனிதான், பெயர் வேண்டாம். ஆட்குறைப்பு என்று எங்களை ஒவ்வொருவராக அழைத்து ‘சுயவிருப்ப ஓய்வு’க் கடிதத்தை நீட்டினார்கள். என் விருப்பத்தை யார் கேட்டார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பம் வேண்டுமாம்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நீக்குவதற்கு ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். கையொப்பமிட்டால் அந்தச் சம்மதத்தை நானே கொடுத்ததாகிவிடுமா? வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற பணிக்கொடை, அவர்கள் சொல்லும் தொகைக்குள் அடக்கமா, வேறா? கடிதம் மழுப்புகிறது.

நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் முறையிட்டவர்கள், தமிழில் பேசக்கூடிய தொழிற்சட்டச் சட்டத்தரணியைத் தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.