ஸ்பை ஹன்டர் 2: ஸ்டியரிங் நேரா இருந்தும் கார் ஏன் ஓரம் போகுது?

பீளமேடு
கார் இடது ஓரத்துலயே ஒட்டிக்கிட்டுப் போனது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குதுங்க. 1987ல வந்த ஸ்பை ஹன்டர் 2, மேம்ல (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டர்ல ஓட்டற மென்பொருள்), ரெண்டு பேரு ஓட்டறது. வீட்டுலயே செஞ்ச ஸ்டியரிங் நேராத்தான் இருக்குது. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்குதுன்னு போர்டு 0ல இருந்து 1023 வரைக்கும் காட்டற எண்ணைப் பார்த்தா, 512 வர வேண்டிய நடுவுல 120. திருப்பத்தை அளக்கற கன்ட்ரோலா (பொட்டென்ஷியோமீட்டர்) ஆம்ப்ளிஃபயர் வால்யூம் கன்ட்ரோலை மாட்டிருக்குது, முதுகுல ‘ஏ10கே’. அது காதுக்குத் தோதா ஏறற ரகம். பாதி திருப்பினாலும் பத்துல ஒரு பங்குதான் ஏறும். ஸ்டியரிங்குக்கு சீரா ஏறற ‘பி10கே’ கேட்டு வாங்கோணும்.

ஈரோடு
கன்ட்ரோலை மாத்தினா கார் நேராப் போகுமுங்ணா, ஆட்டம் நேராகாது. 1983ல வந்த முதல் ஆட்டத்துல மேல இருந்து பார்க்கறோம். ரோடு லார்டுங்கற எதிரிக் காருக்குக் குண்டு ஏறாது, இடிச்சுத்தான் தள்ளோணும். ஸ்விட்ச் பிளேடுங்கற இன்னொரு எதிரிக் கார் பக்கத்துல அணைஞ்சு வந்து டயரைக் கிழிக்கும். எண்ணெயைக் கொட்டினா பின்னாடி எவன் வழுக்கறான்னு கண்ணாலயே பார்க்கலாம். 2ல காருக்குப் பின்னாடி நின்னு பார்க்கற பார்வை, அதுலயும் ரெண்டு பேருன்னா பாதித் திரை. அந்த இடைவெளிக் கணக்கு போயே போச்சுங்க.

கோபி
பார்வை குறைச்சல்தானுங்ணா, ஒத்துக்கறேன். அதனாலதான் ஸ்டியரிங் சுத்தமா இருக்கோணும்ங்கறேன். ஸ்டியரிங்கைக் கம்ப்யூட்டரோட இணைக்க ஆர்டுயினோ லியோனார்டோ போர்டு போடுங்க, ஆர்டுயினோ ஊனோ நேரடியா ஜாய்ஸ்டிக்கா வேலை செய்யாது. கன்ட்ரோல் 300 டிகிரி சுத்தும், ஸ்டியரிங் 90தான் ஒடியும். அப்ப 1023ல 307தான் கையில கிடைக்கும், 358ல இருந்து 665 வரைக்கும். அதை முழு அளவுக்கு விரிச்சு அனுப்பலைன்னா வளைவுல கார் திரும்பவே திரும்பாது. விரிச்சதுக்கு அப்புறந்தான் கீபோர்டுல டேப் (Tab) தட்டி, மேம் மெனுவுல சென்சிடிவிட்டியத் தொடோணும். நிறையப் பேரு இதைத் தலைகீழாச் செய்யறாங்க. ஸ்டியரிங்கைத் தொடாமயே எண் 510, 540ன்னு துள்ளுனா கன்ட்ரோலுக்குள்ள தூசி. மில்லுப் பக்கம் வீடுன்னா பஞ்சு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது தடவை கோடிக்குக் கோடி திருப்புங்க. அப்பவும் துள்ளுனா கன்ட்ரோலுக்குள்ள இருக்கற கரித்தடம் தேஞ்சிருச்சு, புதுசு போடுங்க. ரெண்டு ஸ்டியரிங்கையும் எப்பவும் அதே யுஎஸ்பி துளையில சொருகுங்க, இல்லீன்னா ஆளு மாறிரும்.

திருப்பூர்
கன்ட்ரோலோட மூணு கால்ல மாட்டற ஒயரைச் சொல்லாம விட்டுட்டீங்களே தம்பி. ஓரக் கால் ரெண்டும் இடம் மாறினா ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் திரும்பும், அவ்வளவுதான். போர்டுக்கு அளவைச் சொல்ற நடுக்கால் 5 வோல்ட்டுல மாட்டிக்கிச்சுன்னா, ஒரு கோடிக்கு ஒடிக்கறப்ப 5 வோல்ட்டும் கிரவுண்டும் முட்டிக்கும். கருகின வாசம் வந்துச்சுன்னா உடனே ஒயரைப் புடுங்குங்க. அந்த கன்ட்ரோல் இனித் தேறாது.