வான் நியூமனின் இயந்திரத்தை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் சிலருக்கு வார இறுதியில் கணினியியல் சொல்லித் தருகிறேன். 1936-இல் கணிதவியலாளர் டூரிங் விவரித்த பொது இயந்திரம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது: எந்தக் கணிப்பொறியின் விவரத்தை நாடாவில் எழுதித் தந்தாலும் அதன் வேலையை இது செய்யும்.

சிக்கல் அடுத்ததில்தான். கணிதவியலாளர் வான் நியூமன் கற்பனை செய்த கட்டும் இயந்திரம் தன் விவரத்தைப் படித்துத் தன்னைப் போலவே இன்னொன்றைக் கட்டுகிறது, அப்புறம் அந்த விவரத்தை அப்படியே நகலெடுத்துப் புதிய இயந்திரத்திடம் சேர்க்கிறது. ஒரே விவரத்துக்கு இரண்டு வேலை! டி.என்.ஏ.வும் இப்படித்தான், அதன் அமைப்பு 1953-இல் தெரியும் முன்பே, 1948-லேயே அவர் இதைப் பேசிவிட்டார். எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. பிள்ளைகளுக்கோ கரும்பலகையில் பிடிபடவில்லை.

அந்த இயந்திரத்துக்காக அவர் வகுத்த கட்டங்களை (ஒவ்வொரு கட்டமும் 29 நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கும்), இப்படிப்பட்ட கட்டங்களைக் கணினியில் இயக்கும் ‘கோலி’ (Golly) மென்பொருளில் ஓட்டிக் காட்டத் தெரிந்தவர்கள் கடலூர், புதுச்சேரி பக்கம் இருக்கிறீர்களா? ஞாயிறு காலை வர முடிந்தால் பேருந்துச் செலவு என்னுடையது. தாளில் செய்யும் எளிய பயிற்சி இருந்தாலும் சொல்லுங்கள்.