எந்த ஸ்பீக்கர்: கேஇஎஃப் ஆர்3 மெட்டாவா, ஹார்பெத் பி3யா? 12க்கு 10 அடி அறை

தம்பூரா_கோவை:
மாடியில் பாட்டு கேட்பதற்கென்றே ஒரு அறை ஒதுக்கியிருக்கிறேன். 12க்கு 10 அடி, கூரையும் 10 அடி. கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள். முப்பது வருடம் தள்ளிப்போட்ட ஆசை என்பதால் தப்பாக வாங்கிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

கடையில் இரண்டையும் கேட்டேன். ஆர்3 போட்டதுமே மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்து 'கும்' ஒலி, நெஞ்சில் வந்து இறங்கியது. பி3 அடங்கி ஒலித்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் நிற்பது பி3தான். பாடகி அடுத்த வரிக்கு மூச்சு எடுத்தது, பின்னால் தம்பூராவின் ரீங்காரம் அறுபடாமல் ஓடியது, எல்லாம் அதில்தான் கேட்டது. எதை நம்புவது?

பழைய_ஆம்ப்:
சார், ஸ்பீக்கரை மாற்றியபோது வால்யூமையும் மாற்றினார்களா? ஒரே சிக்னலுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதுதான் சென்சிட்டிவிட்டி. பி3க்கு அது 83.5 டெசிபல், ஆர்3க்கு 87. குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் ஆர்3 மூன்றரை டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை 'நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனில் டெசிபல் பார்த்து, இரண்டையும் சமமாக்கிக் கேளுங்கள். அதற்கு முன் எந்த முடிவும் வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் அறை. அகலமும் உயரமும் 10 அடி என்பதால் இரண்டு திசையிலும் 56 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள அதே கீழ்ஸ்தாயி ஒலி குவிந்து பெருகும். நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ். பி3 காற்றுத்துளை இல்லாத மூடிய பெட்டி, 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் சத்தம் தானாகவே இறங்கிவிடும். ஆர்3 அந்த இடத்திலும் தெம்பாக ஒலிக்கும், அறை அதை இன்னும் பெருக்கும்.

ராகமாலிகா:
நான் ஆர்3 வைத்திருக்கிறேன் அண்ணா, ஏறக்குறைய இதே அளவு அறை. முதல் மாதம் தொப்பியும் வயலினின் கீழ்த்தந்தியும் ஒன்றாகக் குழம்பின. பின்பக்க போர்ட்டை, அதாவது காற்றுத்துளையை, கூடவே வந்த ஸ்பாஞ்ச் அடைப்பான் வைத்து அடைத்தேன். தரையில் கனமான ஜமுக்காளம் விரித்தேன். இப்போது தனியாவர்த்தனத்தில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்கிறது. ஆர்3ஐ ஒதுக்கிவிடாதீர்கள்.

தம்பூரா_கோவை:
அவர்கள் குமிழைத் தொடவே இல்லை. இன்று காலை என் பழைய ஸ்பீக்கரிலேயே ஒன்று செய்து பார்த்தேன். பின்சுவரை ஒட்டிக் கிடந்த நாற்காலியை இரண்டரை அடி முன்னால் இழுத்துப் போட்டேன். வருடக்கணக்காகப் பதிவின் குறை என்று நினைத்திருந்த அந்த 'உம்ம்' பாதிக்கு மேல் போய்விட்டது. சனிக்கிழமை இரண்டு ஜோடியையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஜமுக்காளம் இப்போதே விரித்தாயிற்று.